ஒரு ரிங் விட்டால் போதும்

மூன்று நாளாக விடாத தூறல். மழையால் ஊருக்கு நல்லதோ கெட்டதோ, ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்துக்கு மட்டும் அது சனியன். மொட்டை மாடியில் காயவேண்டிய படுக்கை விரிப்புகளெல்லாம் ஈரத்தோடு கீழே இறங்கி துணியைச் சூட்டில் அழுத்தி உலர்த்தும் ரோலர் மிஷினுக்கு முன்னால் மலையாகக் குவிந்துவிடும். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையைக் கூட வேலை பார்க்கும் நெட்டச்சி பிடிப்பாள். இரண்டு பேரும் சுருக்கமில்லாமல் இழுத்து மிஷினின் வாயில் கொடுக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் விரலும் விரிப்போடு போய்விடும். எட்டு வருஷமாக இதே வேலை.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'பட்டாளம்' என்று பெயர். புருஷன் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருக்கிறான், மாமனார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மிஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே யாரும் கத்திப் பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரே நிற்பவள் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஊர் வம்பு, முதலாளியின் கஞ்சத்தனம், யார் வீட்டில் யாருக்குச் சண்டை, எல்லாமே சத்தமில்லாமல் அந்த வெள்ளைத் துணிக்கு மேலே போய்வரும்.

"இன்னிக்கும் போறியா?" என்று நெட்டச்சி உதட்டை அசைத்தாள்.

"போறேன். இன்னிக்கு முடிஞ்சிரும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவை மாமாவே வரணும்னாங்க, கூட்டிட்டுப் போனேன். அதுக்கு முந்தின தடவை அவரோட பட்டாளத்துப் புத்தகம் மட்டும் பத்தாதுன்னாங்க. இனிமே கேக்க என்னடி இருக்கு?"

"செல்போனுக்கு இம்புட்டு அலைச்சலா! பொண்ணு பாக்கறதுக்குக்கூட இத்தனை தடவை அலைய மாட்டாங்க."

அலைச்சல்தான். ஆனால் செல்போன் கம்பெனிக் கடை வாசலில் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. பட்டாளத்தில் இருப்பவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் குடும்பங்கள் எல்லோருக்கும் பாதிக் கட்டணம். ஒரு குடும்பத்துக்கு நாலு நம்பர் வரை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்! புருஷன் கடைசியாக வீட்டுக்கு வந்துபோய்ப் பதினாலு மாசம். அவன் குரலைக் கேட்டுப் பதினோரு மாசம். சாப்பாட்டு இடைவேளையில் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அவள் ஓடியது இதற்காகத்தான்.

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். தலையில் ஈரம் சொட்ட நின்றவளைப் பார்த்துத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. மாமனாரோட பட்டாளத்துப் புத்தகம் சரியா இருக்கு. போட்டோவும் சரி. போட்டோ எடுக்கறப்ப விறைப்பா நின்னாரு பாருங்க, எங்க மேனேஜரே எந்திரிச்சு நின்னுட்டாரு."

"அப்ப முடிஞ்சிருச்சா?"

"உங்க வீட்டுக்காரர் நம்பர்தான்க்கா இடிக்குது."

"அதுல என்ன?"

"எங்க ஆபீஸ்ல இருந்து அவரைக் கூப்பிட்டு, இந்தத் திட்டத்துல சேர சம்மதமா, பிறந்த தேதி என்னன்னு கேப்பாங்க. ஆமான்னு அவர் வாயால சொல்லணும். மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. மூணு தடவையும் எடுத்திருக்காரு. ஆனா சம்மதம்னு சொல்லல."

"பின்னே என்ன சொன்னாராம்?"

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு திரையைப் பார்த்து வாசித்தாள்: "'நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். இங்க குளிர் அதிகம். வச்சுடறேன்.' மூணு தடவையும் இதேதான்க்கா."

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. முகம் தெரியாத கம்பெனிக்காரியிடம் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று கொஞ்சுகிறானா? பகலிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டானா? மலை மேலே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி எதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"இன்னொரு வழி இருக்குக்கா. மெசேஜ் அனுப்பலாம். அவர் ஒன்னுன்னு ஒரு நம்பரை அமுக்கிப் பதில் போட்டாப் போதும். வேலை முடியறதுக்குள்ள நானே அனுப்பி விடறேன். நீங்க போங்க, உங்களுக்கு நேரமாகுது பாருங்க."

"இந்தத் திட்டத்துல மெசேஜும் உண்டா?"

"தினம் நூறு ஓசி."

"அது யாருக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே வந்து, வாசலில் செருப்பை உதறினபோது மணி ஆறே கால். மாமனார் பழையபடி ஜன்னலோரம் நாற்காலியில். வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தட்டில் அடுக்கிவைத்திருந்தார், ஒவ்வொன்றும் ஒரே அளவில். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் வயர்லெஸ் செட்டோடு குப்பை கொட்டியவர். தெருவில் அவருக்குப் பெயரே வயர்லெஸ்தான். வார்த்தைகளைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிப்பார். "உப்பு கம்மி. முடிவு," என்பார், செட்டில் பேசி முடிப்பதுபோல. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த வீட்டின் சட்டத்தைப் போட்டதும் அவர்தான். மகன் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், போன் பேசிக் காசைக் கரைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் 'நல்லா இருக்கேன்.' இரண்டு ரிங் என்றால் 'நீங்க கூப்பிடுங்க.' மூன்று என்றால் 'லீவு கிடைச்சாச்சு, வர்றேன்.' இங்கிருந்து பதிலுக்கு ஒரு ரிங் போனால் 'கிடைத்தது' என்று அர்த்தம். புதனும் ஞாயிறும் சரியாக ஆறு நாற்பதுக்கு ரிங் வரும். வயர்லெஸ் பதில் ரிங் விட்டுவிட்டுக் காலண்டரில் ஒரு கோடு போடுவார். பதினோரு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. முன்பெல்லாம் மாசத்துக்கொரு தடவையாவது இரண்டு ரிங் வரும், அவள் கூப்பிட்டுப் பேசுவாள். கொஞ்ச காலமாக எல்லாமே ஒரு ரிங்தான். நாமாகக் கூப்பிடுவோம் என்றால், "நம்மளாக் கூப்பிட்டா அவனுக்கு அங்க தொந்தரவும்மா" என்று மாமனார் தடுத்துவிடுவார்.

அன்று புதன்கிழமை. அவள் ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, டீயைக் கொடுத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க பிள்ளையால இன்னிக்கு மானம் போச்சு மாமா. கம்பெனியில இருந்து சம்மதமான்னு கேட்டா, குளிர் அதிகம்னு சொல்லியிருக்காரு. மூணு தடவை. மூணு தடவையும் செவிடன் காதுல ஊதின சங்கு. சாப்பாட்டு நேரத்துல ஓடி, ஒரு நாள் கூலியையும் விட்டு நான் அலையறேன். அவருக்கு அந்த அக்கறை வேணாம்?"

வயர்லெஸ் டீயைக் குடிக்கவில்லை.

"என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

"நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். இங்க குளிர் அதிகம். வச்சுடறேன்."

"மூணு தடவையும் இதே வரிசையா?"

"இதே வரிசைதான். ஏன் மாமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பதுக்கு அவள் போன் அடித்தது. ஒரு ரிங். நின்றது.

பதில் ரிங் விடுவதற்காக அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிக் கூப்பிட்டார், ஆனால் கட் செய்யவில்லை. போகட்டும் என்று விட்டார். நாலாவது ரிங்கில் மகன் எடுத்தான். பதினோரு மாசத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"நல்லா இருக்கேன்," என்றான் மகன்.

"டேய், நான் அப்பா பேசறேன். உன் வலது கையில எத்தனை விரல் இருக்கு?"

கொஞ்ச நேரம் மௌனம். கேள்வி கேட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். பிறகு, "சாப்பிட்டேன்."

"வீடு தீப்பிடிச்சு எரியுதுடா," என்றார் வயர்லெஸ். குரல் உயரவே இல்லை.

"இங்க குளிர் அதிகம்."

"என்னங்க!" என்று அவள் போனைப் பிடுங்கிக் கத்தினாள். "என்னங்க, நான்தான்! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"வச்சுடறேன்," என்றான். வைத்துவிட்டான்.

வெளியே தூறல் வலுத்திருந்தது. வயர்லெஸ் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அனுப்பறான். வாங்கல," என்றார்.

"புரியல மாமா."

"எங்க செட்டு சில சமயம் இப்படிக் கெட்டுப்போகும். இங்க இருந்து போறது போகும், அங்க இருந்து வர்றது விழாது. அவனுக்குக் காது கேக்கலம்மா."

"போன் கெட்டுப் போயிருக்கும். மலைமேல டவர் ஒழுங்கா..."

"போன் கெட்டிருந்தா, கேக்கல, சத்தமாப் பேசுன்னு கத்துவான். எவனா இருந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவான். இவன் சொன்னானா? கேக்காதுன்னு அவனுக்கே தெரியும். நாம என்னென்ன கேப்போம்னு யோசிச்சு, பதிலை முன்னாடியே அடுக்கி வச்சிருக்கான். நாம பேசி முடிக்க நேரம் விட்டு ஒவ்வொன்னா எடுத்துப் போடறான். தெரியாத நம்பர் வந்தாலும் வீட்டுல இருந்துதான்னு நினைச்சு இதையே சொல்லியிருக்கான்."

அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"பதினோரு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்துல," என்றார் பிறகு. "சுடறப்ப வாயைத் திறந்து வச்சுக்கோ, காதுல பஞ்சை அமுக்கி வைன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

அவளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. லீவு ரத்து என்று இரண்டு தடவை சொன்னது அவன் இல்லை, முகாமில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன். அவனுக்குக் காவல் டூட்டி, அதனால நான் சொல்றேன் என்று அந்தக் கட்டில்காரன் போன் செய்தபோது அவளும் நம்பினாள். லீவை ரத்து செய்தது பட்டாளமா, இவனேவா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. செவிடன் காதில் ஊதின சங்கு என்று தன் வாயால் சொன்னது நினைவுக்கு வர, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன் மாமா மறைக்கணும்? என்கிட்ட ஏன்?"

"தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லன்னு அனுப்பிருவாங்க. பதினஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் பென்ஷன். இன்னும் நாலு இருக்கு. அதான்."

"நாலு வருஷம் இப்படியே ரிங் விட்டுட்டு இருந்திருப்பாரா?"

"இருந்திருப்பான்."

"நாமளும் கோடு போட்டுட்டு இருந்திருப்போம்." அவள் காலண்டரைப் பார்த்தாள். "அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னை ஒரு ரிங்கோட குடும்பம் நடத்த விட்டீங்க மாமா. மனுஷன் குரலைக் கேட்டா உடம்பு சரியில்லன்னு தெரியும், குடிச்சிருந்தா தெரியும், அழுதிருந்தாத் தெரியும். இதுல என்ன தெரியும்? நல்லா இருக்கறவனும் ஒரு ரிங்கு. கெட்டுப் போனவனும் ஒரு ரிங்கு."

வயர்லெஸ் "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்று மட்டும் சொன்னார். அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அதற்கு மேல் அவரைப் பேச மனசு வரவில்லை. நாளெல்லாம் ஈர விரிப்பு இழுத்த தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு, உருளைக்கிழங்கை அடுப்பில் வதங்க வைத்துவிட்டு வந்து தரையில் சாய்ந்தாள்.

அப்போது இரண்டு போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுக்கின. மேஜைமேல் இருந்த அவருடையது, மடியில் இருந்த அவளுடையது. கம்பெனி மெசேஜ் என்றால் அந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, அழிப்பதற்கென்றே வருவது அது. அன்று கை சும்மா இருக்க முடியாமல் திறந்தாள். வீரர் குடும்பத் திட்டம் தொடங்கிவிட்டது, மூன்று எண்களும் சேர்க்கப்பட்டன, உங்கள் சேவைக்கு நன்றி என்று இருந்தது.

"சேவை!" என்று முனகினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா. மூணு நம்பரும் சேர்ந்திருச்சாம்."

"சரி."

"என்ன சரி? அவரு பதில் போட்டாத்தான் சேரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. போட்டிருக்காரு. படிச்சுப் பார்த்து ஒன்னு அமுக்கியிருக்காரு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் நண்டு சிண்டெல்லாம் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிற காலத்தில், பதினோரு வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. ரிங் இருக்கும்போது எழுத்து எதற்கு?

அவள் அமுக்கத் தொடங்கினாள். மிஷின் சூட்டில் காய்த்துப்போன விரல் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்தாக அமுக்கியது. அழித்து அழித்து எழுதினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

'உங்களுக்குக் காது கேக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க மிஷின் பக்கத்துல எனக்கும் எதுவும் கேக்காது. எட்டு வருஷமா உதட்டைப் பார்த்துத்தான் பேசறேன். வீட்டுக்கு வாங்க. ஒரு மாசத்துல சொல்லித் தர்றேன்.'

"பென்ஷன்..." என்று ஆரம்பித்தார் வயர்லெஸ்.

"அதைப் பத்தி நீங்க பேசாதீங்க மாமா."

"இல்ல. பென்ஷனைப் பத்தி யோசிக்க வேணாம்னு போடுன்னு சொல்ல வந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "அப்பாவுக்குக் கோபம் இல்லன்னும் போடு."

போட்டாள். அனுப்பினாள்.

அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்த வாசனை வந்தது, போய் அணைத்தாள். கொஞ்சத்தைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். அவன் அழித்துவிட்டானோ, படித்துவிட்டுப் போனை எங்காவது வீசிவிட்டானோ என்று அவள் போனைத் திறந்து திறந்து பார்த்தாள். எழுதியிருக்கக் கூடாதோ?

போன் அடித்தது.

ஒரு ரிங். இரண்டு. அவள் எடுக்கவில்லை, பழக்கம் விடவில்லை. மூன்று. வயர்லெஸ் எழுந்து நின்றுவிட்டார். மூன்றோடு நிற்கவேண்டும். நிற்கவில்லை. நாலு, ஐந்து. அந்த வீட்டில் அதற்கு அர்த்தமே கிடையாது.

"எடும்மா," என்றார். "எடு!"

எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"யாரு எடுத்தீங்கன்னு தெரியல," என்றான். கொஞ்சம் உரக்கப் பேசினான், தன் குரலே தனக்கு எட்டாதவனைப்போல. "அவளா, அப்பாவா? யாரா இருந்தாலும் வைக்காதீங்க. நான் போனைக் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். இதுல நொடி ஓடுது. ஓடற வரைக்கும் யாரோ இருக்கீங்கன்னு அர்த்தம்."

"இருக்கேங்க," என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"பத்து மாசம் ஆச்சு. பயிற்சியில பீரங்கி சுட்டுக்கிட்டிருந்தோம். மழை. காதுப் பஞ்சு நனைஞ்சு விழுந்திருச்சு, குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள அடுத்த குண்டு போயிருச்சு. இடது பக்கம் அன்னிக்கே சுத்தமாப் போச்சு. வலது பக்கம், தண்ணிக்குள்ள முங்கினா வெளியில பேசறது எப்படிக் கேக்கும், அப்படி. இப்ப அதுவும் இல்ல. பக்கத்துக் கட்டில்காரன்தான் தோளைத் தட்டி எழுப்பறான். அணிவகுப்புல அவன் காலைப் பாத்து நான் காலை வைக்கறேன். அவனுக்கு வேற இடத்துக்கு மாத்தலாயிருச்சு, அடுத்த வாரம் போறான். அவன் போயிட்டா என்ன பண்றதுன்னு தூக்கமே இல்ல."

வயர்லெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை லீவு கொடுத்தாங்க. நான்தான் வரல. வந்தா நீ பேசுவே. நான் ஆங், ஆங்னு கேட்டுட்டே இருப்பேன். ஒரு நாள் பொறுத்துக்குவே, ரெண்டு நாள் பொறுத்துக்குவே. அப்புறம் சலிச்சுப் போயிருவே. அப்பாவுக்கு ரெண்டு தடவை சொல்றதுன்னாலே ஆகாது." மூச்சு வாங்கினான். "உதட்டைப் பாத்துப் பேசறேன்னு நீ எனக்குச் சொன்னதே இல்லையே."

எப்போது சொல்வது? ஒரு ரிங்கில் அதைச் சொல்ல வழி இருந்ததா? அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகையும் வந்தது, அவன்மேல் கோபமும் வந்தது, பதினோரு மாசத்துக்குப் பிறகு அவனோடு சண்டை போடலாம்போல ஒரு ஆசையும் வந்தது.

"இருக்கீங்களா?" என்றான் திடீரென்று. "நொடி ஓடுது. ஆனா போனை எடுத்து வச்சுட்டு யாராச்சும் அடுப்படிக்குப் போயிருந்தாலும் ஓடும். கேட்டுட்டு இருக்கீங்களா? எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனைப் பார்த்துத் தவித்தாள். மெசேஜ் அனுப்ப ஏதாவது அமுக்கப்போய், இந்த அழைப்பு கட்டாகிவிட்டால்?

வயர்லெஸ் மேஜைக்குக் கை நீட்டித் தன் போனை எடுத்தார். மகன் நம்பரை அமுக்கினார். காதில் வைத்து, ஒரு ரிங் போவதைக் கேட்டார். கட் செய்தார்.

தரையில் கிடந்த போனில் சத்தம் நின்றுபோனது. மூச்சு மட்டும் கேட்டது.

"திரையில உங்க நம்பர் வந்துச்சுப்பா," என்றான் மகன். "கிடைச்சுது."

கிழவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ஒரு ரிங்குக்கு மேல் விடாத மனுஷர், அன்றைக்குக் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசட்டும்," என்றார். "எவ்வளவு நேரமானாலும் பேசட்டும். வைக்காதே."

அவள் தலையாட்டினாள். அவன், விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தான். அவன் நிறுத்தி மூச்சு வாங்கும்போதெல்லாம் கிழவர் ஒரு ரிங் விட்டார்.